நொண்டும் ஜாடி

காலையிலேயே காசிவிசுவநாதன் செட்டியாரின் டிரைவர் மாடியேறி வந்து, ஜாடியைத் தேட வேண்டாம் என்று முதலாளி சொல்லச் சொன்னதாக ஒப்பித்துவிட்டுப் போனான். முந்தாநாள்தான் அதே செட்டியார் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்போல மூக்கைச் சிந்தியிருந்தார். அந்தக் கண்ணீரை நம்பி நானும் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அது இன்னும் திரும்பி வரவில்லை.

எங்கள் துப்பறியும் ஆபீஸ் ரங்கூன் பபேடானில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே இருந்தது. உச்சிவேளை நெருங்கிவிட்டால் எந்தக் குற்றத்திலும் புத்தி நிற்காது. முதலாளி ஆபிரகாமை நான் சயா என்று கூப்பிடுவேன்; ரங்கூனில் வாத்தியாருக்கும் பெரிய மனிதருக்கும் அதுதான் மரியாதை. கடல் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் அவர் சேதம் மதிப்பிடுகிறவராக இருந்தார். துறைமுகத்தில் சீமைப் பீங்கான் பெட்டி விழுந்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். சில்லைப் புரட்டிப் பார்த்து இது ஆலையில் வார்த்தது, இது ஒருத்தன் சக்கரத்தில் உட்கார்ந்து கையால் பிடித்தது என்று சொல்லிவிடுவார். கம்பெனியை சர்க்கார் எடுத்துக்கொண்டதும் துப்பறிய வந்துவிட்டார். உடையாத பீங்கானைப் பார்த்தால் இன்றைக்கும் அவருக்குச் சந்தேகம்தான்.

டிரைவர் இறங்கிய படியிலேயே அமலி ஏறி வந்தாள். அவள்தான் ஜாடியைத் திருடியதாகப் புகார்.

மிஷன் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். வீடு ஊர்க்கோடியில், தின்கன்ஜூனில். செட்டியார் குடும்பம் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டியபோது, பீங்கான்களைப் பக்குவமாக வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்க அவளை வைத்துக்கொண்டார்கள். அவள் புருஷன் லூர்து கைக்குழந்தையோடு போன கப்பலிலேயே மதராஸ் போய்விட்டான். அவளுக்கு மட்டும் நாட்டைவிட்டுப் போகும் பெர்மிட் தாமதமாகக் கிடைத்தது. கிடைத்த பெர்மிட்டைப் புகாரின்பேரில் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. கப்பல் இன்று சாயங்காலம். இதை விட்டால் அடுத்தது எப்போது, அதற்கு இந்தப் பெர்மிட் செல்லுமா என்று ரங்கூனில் யாருக்கும் தெரியாது.

"நீங்க ஜாடியைக் கண்டுபிடிக்க வேணாம் சார்," என்றாள். "நான் எடுக்கலன்னு ஒருத்தர் போய்ச் சொன்னாப் போதும். பிள்ளை பால் குடி மறந்திருக்கும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சயா அவளை ஸ்டேஷன் வாசலில் போய் இருக்கச் சொல்லி அனுப்பினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். "பறிகொடுத்தவனுக்குப் பொருள் வேண்டாமாம். ஆனா திருடி மட்டும் வேணுமாம். இப்படி எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா காஜா?"

நான் கேள்விப்பட்டதில்லை.

சைக்காவில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு செட்டியார் வீட்டுக்குப் போனோம். அந்த மூன்று சக்கர வண்டியில் ஒருத்தர் முன்னே பார்த்தும் ஒருத்தர் பின்னே பார்த்தும்தான் உட்கார முடியும். வருவதெல்லாம் சயாவுக்கு, போவதெல்லாம் எனக்கு. ஆடி மாதத்து மழை இரண்டு பேரையும் பாகுபாடில்லாமல் நனைத்தது. எந்தச் சாக்கில் உள்ளே போவது என்று கேட்டேன். முந்தாநாள் குடையை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லலாம் என்றார். எங்களிடம் குடையே கிடையாது.

செட்டியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருடைய பங்காளிகள் நிலம் வாங்கினார்கள், கெம்பு வாங்கினார்கள். இவருக்கு மட்டும் வெள்ளைக்காரப் பீங்கானில் பித்து. யுத்தத்துக்குப் பிறகு மூட்டை கட்டிய ஒவ்வொரு துரையிடமும் கேட்டு வாங்கினார். கூடம் நிறைய தேக்கு அலமாரிகள். வரிக்குதிரை உடம்புபோலக் கறுப்புக் கோடு போட்ட தட்டுகள், முள்ளங்கியும் தக்காளியும் வரைந்த கிண்ணங்கள், கோணல் மாணலாக வளைந்த தாம்பாளங்கள். இவையெல்லாம் சீமை ஆலைச் சரக்கு. நட்டநடுவில் அந்த ஜாடி. மண் நிறம், உடம்பெல்லாம் கரும்புள்ளி, ஊறுகாய் போடலாம் என்று எனக்குத் தோன்றும். கடலோர ஊர் ஒன்றில் ஓர் ஆங்கிலேயன் தனியாக உட்கார்ந்து சக்கரத்தில் வனைந்ததாம். அவன் ஜாடியில் கையெழுத்துப் போடுவதில்லை. பச்சை மண்ணாக இருக்கும்போதே அடியில் வட்டத்துக்குள் ஒரு மீன் முத்திரையை அழுத்துவான். பெட்டியில் வைக்கச் செட்டியார் ஜாடியைத் தூக்கியபோது அடியில் அந்த மீன் இல்லை. நிஜ ஜாடியை எடுத்துக்கொண்டு ஆலை நகலை வைத்துவிட்டாள் என்று அமலியைப் பிடித்துக்கொண்டார். அலமாரிச் சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது என்பது அவருடைய வாதம்.

எங்களைப் பார்த்ததும் செட்டியாரின் முகம் சுண்டிவிட்டது. குடையைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாசற்கதவைத் திறந்தபடியே நின்றார். ஆனால் மழையில் வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப அவர் மனைவி சிகப்பி ஆச்சிக்கு மனசு வரவில்லை. முகத்தைக் காட்டாமல் பேசுகிற தலைமுறை. இடுப்பில் சாவிக்கொத்து ஆட, கோடு போட்ட ஒரு சீமைத் தட்டில் இரண்டு வெள்ளித் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

"டீச்சரம்மா இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாகளா? ஒரு வார்த்தை சொல்லிக்கிடாம போயிட்டாகளே," என்றார், யாரையும் பார்க்காமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் செட்டியார் முந்திக்கொண்டார். "போயிட்டா போயிட்டா. நீ உள்ள போ."

நான் அண்ணாந்து காப்பியை வாயில் ஊற்றிக்கொண்டபோது, எதிரே இருந்த சயாவின் கண் என் தம்ளரின் அடியிலேயே நின்றது. குடித்து முடித்துத் திருப்பிப் பார்த்தேன். கா.வி. என்று வெட்டியிருந்தது. பிறகு அவர் காப்பி வந்த தட்டைப் புரட்டினார். ஆலையின் மார்க்கு பளபளப்புக்கு அடியில் மையால் அச்சாகியிருந்தது. அதன் பக்கத்திலேயே புள்ளி புள்ளியாகக் கொத்திய கா.வி. அலமாரியிலிருந்து இன்னும் சிலதை எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஆலை மார்க்கு, எல்லாவற்றிலும் கா.வி. அந்த வீட்டில் எச்சில் பணிக்கத்துக்கும் இனிஷியல் உண்டு. எனக்குத்தான் கிடையாது.

கடைசியாக ஜாடிக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டு உள்ளே கையை விடச் சொன்னார். விரல்களுக்கு மேடும் பள்ளமுமாகச் சுற்றிச் சுற்றி ஏறும் வரிகள் தட்டுப்பட்டன. ஆலையில் அச்சில் ஊற்றி எடுத்ததென்றால் உள்பக்கம் வழவழவென்று இருக்கும், இது விரல் ஏறிப் போன தடம் என்றார்.

ஜாடி இருந்த இடத்தில் தேக்குப் பலகையோடு ஒட்டினாற்போல மடித்த அட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. அது எதற்கு என்று சயா கேட்டார். ஜாடி கொஞ்சம் ஆடும், வாங்கின அன்றே தாமே வைத்த முட்டுதான் அது என்று செட்டியார் ஒப்புக்கொண்டார். ஜாடியின் முகப்பில் மெருகு கண்ணீர்போல ஒழுகி உறைந்த ஒரு சொட்டு இருந்தது. அது முன்னால் வரும்படி சயா ஜாடியை அட்டையின்மேல் வைத்தார். கல்லுப்போல நின்றது. லேசாகத் திருப்பினார். ஆடியது. மறுபடி சொட்டை முன்னால் கொண்டுவந்தார். நின்றது.

"குடை இங்க இல்ல போலிருக்கு, வர்றோம்," என்று கும்பிட்டார்.

சைக்காவில் ஏறியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. ஆலையில் செய்த நகலாக இருந்தால் உள்ளே விரல் தடம் இருக்காது. கையால் செய்த நகலாக இருந்தால், அந்த அட்டைக்குப் பொருந்தும்படி அதே காலில் அதே அளவுக்கு நொண்டாது. ஆகவே ஜாடி மாறவே இல்லை. அலமாரியில் இருப்பது அதே பழைய ஜாடிதான். மீன் மட்டும்தான் போயிருக்கிறது.

"மீன் எப்படி சயா தானாப் போகும்?"

"அந்த வீட்டுல பேர் வெட்டாத சாமான் ஒண்ணே ஒண்ணுதான். அதை யோசி. உங்க வீட்டுல பழைய அண்டாவை விலைக்கு வாங்கினா முதல் வேலையா என்ன செய்வாங்க?"

இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல் வந்தது. பழைய பேரைத் தேய்த்துவிட்டு எங்கள் பேரை வெட்டுவோம், ஊரான் பேர் போட்ட பாத்திரத்தைச் சீரில் வைத்தால் சம்பந்தி வீட்டில் சிரிக்க மாட்டார்களா என்றேன். சொல்லி முடித்ததும்தான் என் மூளைக்கு எட்டியது. செட்டியாரின் மகள் சீதைக்குத் தை மாதம் கல்யாணம். சீர் சாமான்கள் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

ஆலை மார்க்கு மையால் அச்சடித்தது. பார்த்தால் கம்பெனி சீட்டு என்று யாருக்கும் தெரியும், அதை ஆச்சி தொடவில்லை. மீன் அப்படி இல்லை. மண்ணில் குழியாக இறங்கியிருந்தது, உளியால் வெட்டிய பேர் மாதிரியே. பழைய சொந்தக்காரன் வீட்டு அடையாளம் என்றுதான் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணுக்குத் தோன்றும். அலமாரிச் சாவி அமலியிடம் மட்டும் இருந்ததாகச் செட்டியார் சொன்னாரே, பெண்டாட்டியின் இடுப்பில் ஆடிய கொத்தை அவர் ஒரு சாவியாகவே நினைக்கவில்லை.

பபேடானில் சீமைப் பீங்கானில் பேர் கொத்துகிறவர் ஒருத்தர்தான், பர்கத்துல்லா பாய். பள்ளிவாசல் சந்தில் கடை. கூரான எஃகு முனையைப் பீங்கானில் நிறுத்தி, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புள்ளியாலேயே எழுத்தைக் கொண்டுவந்துவிடுவார். நாங்கள் போனபோது மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்களெல்லாம் கப்பலேறிப்போனால் பேர் யார் வெட்டுவார்கள் என்று அலுத்துக்கொண்டார்.

ஜாடியைப் பற்றிக் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். ஆச்சி சீர் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் அந்த ஜாடியும் இருந்தது. வேற்றுப் பேரை எடுத்துவிட்டு நம் பேரைப் போடுங்கள் என்றார். இவரும் விரல் அளவு சாணைக்கல் துண்டால் அடிவட்டத்துக்குள் தேய்த்து மீனை எடுத்துவிட்டார். எழுத்துக் கொத்தப் போனபோதுதான் வம்பு. மற்றப் பீங்கான்போல இல்லை அது, கல்லுக்குக் கல்லாக வெந்திருந்தது. முனை வழுக்கிக்கொண்டே போயிற்று. பேர் ஏறாத சாமான் சீருக்கு ஆகாது என்று ஆச்சி அதைத் திரும்ப வீட்டு அலமாரியிலேயே வைக்கக் கொண்டுபோய்விட்டார்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஓடிப்போய்ச் செட்டியாரிடம் சொன்னால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வார், அமலி கப்பலேறுவாள், நான் கைக்குட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

பர்கத்துல்லா பாய் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். "இதைக் கேட்கவா ரெண்டு பேரும் நனைஞ்சுட்டு வந்தீங்க? எல்லாத்தையும் நேத்தே செட்டியார்கிட்ட சொல்லிட்டேனே. அவர் உங்ககிட்ட சொல்லலியா?"

ஜாடியின் அடியில் தேய்த்த தடத்தைக் கண்டுகொண்டு செட்டியார் நேற்று மழையோடு வந்து இதே கேள்வியைக் கேட்டாராம். பதிலைக் கேட்டதும் கடை முக்காலியில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். போகும்போது, யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். பர்கத்துல்லா பாய்க்கு அது ஏனென்று தெரியவில்லை. அமலியின் கதையே அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை.

தெரியாமல் செய்த தப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாம் தெரிந்த மனிதன், ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, டிரைவரை அனுப்பி எங்கள் வாயையும் அடைக்கப் பார்த்திருக்கிறான். திரும்பும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். சயா தடுக்கவில்லை. சைக்காக்காரன் பர்மியன், ஒன்றும் புரியாவிட்டாலும் என் வேகத்துக்கு ஏற்ப மிதித்தான்.

செட்டியார் இந்தத் தடவை குடையைப் பற்றிக் கேட்கவில்லை. சயா பர்கத்துல்லாவின் பேரைச் சொன்னதுமே நாற்காலியில் சரிந்தார்.

"புகாரை வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதணும்கிறான் போலீஸ்காரன்," என்றார் தணிந்த குரலில். "எங்க வீட்டுப் பொம்பளை பேரை ஸ்டேஷன்ல எழுதுறதா? தையில சீதைக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்? அந்தப் பொண்ணு அடுத்த கப்பல்ல போகட்டும். நான் வேணும்ங்கிறதைச் செய்யிறேன்."

அடுத்த கப்பலை நீங்கள் கட்டப்போகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். அவளுக்குப் பால்குடிப் பிள்ளை இருக்கிறது, உங்களுக்குப் பீங்கான் இருக்கிறது, வித்தியாசம் தெரியவில்லையா என்றும் கேட்டேன். சயா என் தோளில் கையை வைத்தார். அப்போதுதான் உள்கட்டுக் கதவோரம் சாவிக்கொத்து குலுங்கியது.

சிகப்பி ஆச்சி கூடத்துக்கு வந்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. புருஷனைப் பார்க்காமல் சயாவைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர் இன்னும் இங்கதான் இருக்காளா?"

சயா எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். நான் ஏதோ ஊரான் பேர் என்று நினைத்தேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று ஆச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அலமாரிக்குப் போய் ஜாடியை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

செட்டியார் ஒரே தடவை, "சிகப்பி," என்றார். ஆச்சி நிற்கவில்லை.

முதலாளி சொல்லாமல் காரை எடுக்க முடியாது என்று டிரைவர் தலையைச் சொறிந்தான். ஆச்சி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சைக்காவில் சயாவுக்கு முதுகைக் காட்டி ஏறிக்கொண்டார். செட்டியார் வீட்டு ஆச்சி ஒருத்தி சைக்காவில் போனதை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்திருக்காது. நான் பின்னால் ஓடினேன்.

ஸ்டேஷன் வாசலில் அமலி தகரப்பெட்டியின்மேல் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஆச்சியைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒதுங்கிக்கொண்டாள். இன்னும் என்ன பழி வருகிறதோ என்று பயந்திருப்பாள்.

அதிகாரி ஊ தின் மவுங் வெற்றிலையைக் குதப்பியபடி கேட்டுக்கொண்டார். ஆச்சி சொல்லச் சொல்ல சயா பர்மியில் சொன்னார். மீன் முத்திரை, சாணைக்கல், சீர் எல்லாம் அவருக்கு எந்த அளவுக்குப் புரிந்ததோ தெரியாது. ஜாடியின் அடியில் தேய்த்த இடம் வெளுத்திருந்ததை மட்டும் விரலால் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். ஆச்சியின் பேரைக் கேட்டார். ஆச்சி சொன்னார். பர்மிய மரியாதைக்கு டோ சேர்த்து, டோ சிகப்பி என்று எழுதிக்கொண்டார். பிறகு புகாரை ரத்து செய்ய வேண்டும், புகார் கொடுத்தவர், அதாவது உங்கள் கணவர், அவர் பேர் என்ன என்று கேட்டார்.

ஆச்சி வழக்கம்போல மடியிலிருந்த சாமானைத் திருப்பி அடியைக் காட்டினார். எங்கள் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள்; யாராவது கேட்டால் பாத்திரத்தைத் திருப்பிக் காட்டுவார்கள், அல்லது பக்கத்தில் இருக்கிறவர்களைச் சொல்லச் சொல்வார்கள். காட்டிய பிறகுதான் ஜாடியின் அடியில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கே உறைத்தது. சயா சொல்ல வாயெடுத்தார். ஆச்சி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"காசிவிசுவநாதன்," என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் பேர் அவர் வாயிலிருந்து அதற்குமுன் வெளியே வந்ததே கிடையாது என்று எனக்குத் தெரியும். ஊ தின் மவுங்குக்குத் தெரியாது. அவர் எழுதி முடித்து, இழுப்பறையைத் திறந்து அமலியின் பெர்மிட்டை மேஜைமேல் வைத்தார்.

துறைமுகத்தில் ஏணியை எடுக்கத் தயாராகிவிட்டார்கள். நான் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட, பின்னாலேயே அமலி ஓடிவந்தாள். வேலியோரம் சைக்காவில் இருந்த ஆச்சியிடம் வந்ததும் நின்றுவிட்டாள். என்னை மன்னிச்சிரு தாயி என்று ஆச்சி சொன்னார். அமலி மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆச்சியின் மடியிலிருந்த ஜாடியைக் கொஞ்சம் பார்த்தாள்.

"அதுக்குக் கீழ அட்டை வைக்கணும் ஆச்சி. வைக்காட்டி விழுந்துரும்," என்றாள். அப்புறம் ஏணியில் ஏறிப்போனாள்.

கப்பல் நதியில் திரும்பும்வரை நின்றோம். சயா தொப்பியைக் கழற்றிக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் ஆச்சியின் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி வீட்டுக்குப் போக வேண்டுமே என்றார் அவர், எங்களிடம் வழி கேட்பதுபோல.

கூட்டிக்கொண்டு போனோம். இருட்ட ஆரம்பித்திருந்தது. எப்போதும் திறந்தே கிடக்கும் அந்த வீட்டு வாசற்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கார் ஷெட்டில் டிரைவர் எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல ஒதுங்கினான். நான் கதவைத் தட்டப்போனேன். ஆச்சி என்னை விலக்கிவிட்டுப் படியேறினார். இடுப்பில் ஜாடி, அதன் பக்கத்தில் சாவிக்கொத்து. உள்தாழ்ப்பாளுக்கு அந்தக் கொத்தில் சாவி கிடையாது.

ஜாடியை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டார். பிறகு, அக்கம்பக்கத்து ஜன்னல்களுக்கெல்லாம் கேட்கும்படி, அன்றைக்கு இரண்டாவது தடவையாக அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

உள்ளே யாரோ நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். செருப்புச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. நாங்கள் மழையில் நின்றபடி காத்திருந்தோம். வெகு நேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது.